உஜோங் பாசிரில் நத்தால் பெருநாள்

டுரியான் துங்காலிலிருந்து புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் மலாக்கா பட்டணம். அங்கிருந்து பண்டார் ஹிலிர் வழியாகக் கடற்கரைப் பக்கம் திரும்பினால் உஜோங் பாசிர் வரும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்தவர்களின் வழிவந்தோர் வாழும் போர்த்துகீசியர் குடியிருப்பு இங்கேதான் இருக்கிறது. ஆண்டு இறுதியில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதில் சென்றுவர ஏற்ற இடம்.

வந்தவர் கதை

1511-ஆம் ஆண்டு அல்போன்சோ டி அல்புகர்க் என்னும் தளபதி மலாக்காவைப் பிடித்தார். உடன் வந்த போர்த்துகீசியர் பலர் உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கினர். 1641-இல் டச்சுக்காரர்கள் ஊரைக் கைப்பற்றியதும் கத்தோலிக்கர்கள் வெளிப்படையாக வழிபட முடியாமல் போயிற்று. பிறகு தடை தளர்ந்து, 1710-இல் செயின்ட் பீட்டர் தேவாலயம் எழுந்தது. இன்றும் வழிபாடு நடக்கும் அந்தக் கோயில்தான் நாட்டிலேயே மிகப் பழைய கத்தோலிக்க ஆலயம்.

ஆட்சி போயிற்று, மக்கள் தங்கிவிட்டார்கள். பெரும்பாலோர் ஏழை மீனவர்கள். சொந்த நிலமின்றிப் பட்டணத்தில் ஆங்காங்கே சிதறிக் கிடந்தனர். இப்படியே விட்டால் ஒரு சமூகமே கரைந்துவிடும் என்று இரண்டு பாதிரியார்கள் கவலைப்பட்டார்கள். ஒருவர் பிரெஞ்சுக்காரர், மற்றவர் போர்த்துகீசியர். அவர்களுடைய முயற்சியால் 1930-களின் தொடக்கத்தில் கடலோரச் சதுப்பு நிலம் சுமார் 28 ஏக்கர் வாங்கப்பட்டது. அதைத் திருத்தி வீடுகள் கட்டினார்கள். தெருக்களுக்கு அல்புகர்க், தெசெய்ரா, எரேடியா என்று முன்னோர் காலத்துப் பெயர்களைச் சூட்டினார்கள்.

விளக்கும் விருந்தும்

இந்த மக்கள் கிறிஸ்துமஸை 'நத்தால்' என்கிறார்கள். இலங்கைத் தமிழர் 'நத்தார்' என்கிறார்களே, அதுவும் இதே போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்ததுதான். இங்கே பனியும் இல்லை, குளிரும் இல்லை. ஆனால் டிசம்பர் பிறந்ததும் தெருவெல்லாம் வண்ண விளக்குகள் எரியும். வீட்டு முன்புறத்தில் மாட்டுத் தொழுவமும் குழந்தை இயேசுவும் வைத்துக் குடில் அமைப்பார்கள். விளக்கலங்காரம் பார்க்கவென்றே எல்லா இனத்தாரும் கூட்டங்கூட்டமாக வருகிறார்கள். நள்ளிரவுப் பூசை முடிந்ததும் குடும்பம் கூடி உண்பது வழக்கம். 'போங் நத்தால்' என்று நீங்கள் வாழ்த்துச் சொன்னால் முகம் மலர்ந்து வரவேற்பார்கள்.

அடுப்பங்கரையில்தான் இவர்களுடைய வரலாறு முழுதும் இருக்கிறது. பெருநாளில் மிஞ்சிய இறைச்சியை மறுநாள் 'டெபால்' கறியாக்குவார்கள். காய்ந்த மிளகாய், கடுகு, காடி ஆகியவற்றோடு லெங்குவாஸ், செரை, புவா கெராஸ் எல்லாம் அதில் சேரும். மேற்கிலிருந்து வந்த காடியும், நம் கடுகும், மலாய்க்காரர் வாசனைப் பொருள்களும் ஒரே சட்டியில் கொதிக்கின்றன! 'சூஜி' கேக்கும் அப்படித்தான். நாம் உப்புமா கிண்டும் அதே ரவைதான். வெண்ணெயும் முட்டையும் பாதாம் பருப்பும் சேர்ந்து பெருநாள் பலகாரமாகிவிடுகிறது.

கடலை நம்பியவர்கள்

கிரேக்க நாட்டுத் தீவுகளில் கிறிஸ்துமஸ் காலத்தில் சிறு மரக்கப்பலுக்கு விளக்கேற்றி வைக்கும் வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவர் நலமாகத் திரும்ப வேண்டும் என்ற ஏக்கம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். உஜோங் பாசிரில் படகுகளை அலங்கரிப்பது ஜூன் 29-ஆம் நாள், மீனவர்களின் காவலரான சான் பெத்ரோ திருநாளன்று. பாதிரியார் படகுகளுக்கு ஆசீர்வாதம் செய்வார்.

இரண்டு மூங்கில்களைக் குறுக்காகக் கட்டிய தள்ளுவலையை இடுப்பளவு நீரில் தள்ளிச் சென்று 'கெராகாவ்' என்னும் பொடி இறாலைப் பிடிப்பது இவர்களுடைய பழைய தொழில். சிஞ்சாலோக்கும் பெலாச்சானும் அதிலிருந்துதான் செய்வார்கள். ஆனால் மலாக்காக் கடற்கரையைத் தூர்த்து நிலமாக்கி வருவதால், கடல் அவர்களை விட்டு விலகிக்கொண்டே போகிறது. வலை பிடித்த கைகள் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.

மொழி படும் பாடு

இவர்கள் பேசுவது 'கிறிஸ்தாங்' மொழி. போர்த்துகீசியமும் மலாயும் கலந்து பிறந்தது. சன்னல், சாவி, மேசை, அலமாரி என்று நாம் அன்றாடம் சொல்லும் சொற்களும் போர்த்துகீசியம் நமக்குத் தந்தவைதாம். ஐந்நூறு ஆண்டு தாங்கிய அந்த மொழி இன்று அழியும் நிலையில் இருக்கிறது. பெரியவர்கள் பேசுகிறார்கள், இளையவர்களோ ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதைக் கற்பிக்கச் சிலர் பாடுபட்டு வருகிறார்கள்.

இதே மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் வாழும் மலாக்காச் செட்டிகளையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். சுல்தான்கள் காலத்திலேயே வணிகத்துக்கு வந்த நம்மவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய் கலந்த மொழி. தமிழ் நாவை விட்டுப் போய்விட்டது. ஆனாலும் சனவரியில் பொங்கலுக்கு முந்திய நாள் வாழையிலை விரித்து, முன்னோருக்குப் படையல் இட்டு, போகி 'பார்ச்சு' செய்யத் தவறுவதில்லை. 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும் அவர்களுடைய முன்னோர் கட்டியதே.

இரண்டு சமூகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். கூடி வாழ ஓர் இடம் இருந்தால் திருவிழா பிழைத்துக்கொள்கிறது. மொழியோ அப்படியல்ல, வீட்டில் நாள்தோறும் பேசினால்தான் பிழைக்கும்.

நம் தோட்டங்கள் பலவும் துண்டாடப்பட்டுவிட்டன. ஒரே லயத்தில் இருந்தவர்கள் இன்று பல தாமான்களில் சிதறிவிட்டார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்தில் மீண்டும் கூடுகிறோம், அது நல்லதே. ஆனால் கூடும்போது பிள்ளைகள் பாட்டியிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். கிறிஸ்தாங் பேசுவோருக்கு இல்லாத செல்வம் நமக்கு உண்டு. இந்நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன.

இந்த ஆண்டு இறுதியில் உஜோங் பாசிருக்குச் சென்று விளக்குகளைப் பாருங்கள். முடிந்தால் சூஜி கேக் ஒரு துண்டு வாங்கிச் சுவையுங்கள். அங்குள்ள முதியவர் யாரேனும் கிறிஸ்தாங்கில் பேசினால் பிள்ளைகளை நின்று கேட்கச் சொல்லுங்கள். வீடு திரும்பும் வழியில் அவர்களோடு தமிழில் பேசிக்கொண்டே வாருங்கள்.