அனுபவம் உண்டா சிஸ்டர்?

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது குடவோலைக் கல்வெட்டுதான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும், ஊர்ச்சபை வாரியங்களுக்கு யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று வைகுண்டப் பெருமாள் கோவில் மண்டபத்துச் சுவரில் வெட்டி வைத்தார்கள். வயது 35க்கு மேல், 70க்குள். வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். இதெல்லாம் தெரிந்த கதை. அதிகம் பேர் கவனிக்காத ஒரு விதியும் அதில் இருக்கிறது. கடந்த மூன்று வருடத்தில் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாதாம்! அதாவது, சமீபத்திய அனுபவம் இருந்தால் வேலை கிடையாது.

அந்தக் கோவிலைப் பார்த்தபடியே பஸ் ஏறி இறங்கி வளர்ந்த ஒரு பெண்ணின் கதை இது. அவள் வேலை தேடிப் போன இடத்தில் விதி நேர் எதிராக இருந்தது. பெயர் வேண்டாம். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம். அப்பா குத்தகை நிலத்தில் நெல் போடுகிறார். ஏரி நிரம்பினால் இரண்டு போகம், இல்லாவிட்டால் ஒன்று. அம்மாவுக்கு இரண்டு கறவை மாடு, காலையும் மாலையும் பால் சொசைட்டி. பிளஸ் டூ முடித்ததும் ஜி.என்.எம். எனப்படும் மூன்று வருட நர்சிங் டிப்ளமோ, ஒரு தனியார் நர்சிங் ஸ்கூலில். ஃபீஸுக்கு அம்மாவின் கம்மலும் செயினும் அடகுக் கடைக்குப் போயின. (படித்து முடிக்கும்வரை அவை அங்கேதான் இருந்தன.)

படிப்பு முடிந்து கவுன்சிலில் பதிவும் செய்தாயிற்று. தமிழ்நாட்டில் நர்ஸாக வேலை பார்க்க 1926ஆம் வருடச் சட்டப்படி தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பெயர் பதிந்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் கையில் வந்த அன்று வீட்டில் பாயசம்.

அடுத்த திங்கட்கிழமை விடியற்காலை பஸ். புக்கத்துறை கூட்டுரோடு, செங்கல்பட்டு, அங்கிருந்து எலக்ட்ரிக் டிரெயினில் தாம்பரம். பையில் ஐந்து பயோடேட்டா, ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் எல்லா ஒரிஜினலும், டிபன் பாக்ஸில் புளிசாதம்.

முதல் ஆஸ்பத்திரியில் செக்யூரிட்டியைத் தாண்டவே முடியவில்லை. "குடுத்துட்டுப் போம்மா, கூப்பிடுவாங்க" என்று பயோடேட்டாவை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு அடுக்கு இருந்தது. இரண்டாவது இடத்தில் ஹெச்.ஆர். வரைக்கும் போக முடிந்தது. அவள் வயதே இருக்கும் ஒரு பெண் கேட்டாள்.

"எக்ஸ்பீரியன்ஸ் எவ்வளவு?"

"ஃப்ரெஷர் மேடம்."

"ஒரு வருஷமாவது முடிச்சிட்டு வாங்க."

எங்கே போய் முடிப்பது? அதை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தப் பெண்ணிடம் பதில் இருந்திருக்காது. எல்லோரும் அனுபவசாலியைத்தான் எடுப்போம் என்றால் அனுபவசாலி எந்த மரத்தில் காய்ப்பார்?

மூன்றாவது இடத்தில் வேலை கிடைத்தது. கேட்டவுடன் கிடைத்தது! அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மாதம் 11,000 ரூபாய், இரண்டு வருட பாண்ட், நடுவில் போனால் 50,000 கட்ட வேண்டும். "பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்‌ஷீட், டிப்ளமோ, கவுன்சில் சர்டிஃபிகேட், எல்லாம் ஒரிஜினல் குடுத்துடுங்க. ரெண்டு வருஷம் முடிஞ்சதும் வாங்கிக்கலாம்" என்றார் அங்கிருந்தவர், ஏதோ செருப்பைக் கழற்றி வெளியே விடச் சொல்வதுபோல.

வெளியே வந்து அப்பாவுக்கு போன் போட்டாள். அவர் வயலில் இருந்தார். முழுதும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நகைய வச்சா பணம் குடுக்கறான். இவன் சர்டிஃபிகேட்ட வாங்கிக்கினு இன்னா குடுக்கறான்?"

"வேலை குடுக்கறாங்கப்பா."

"வேலைய நீதானம்மா செய்யப் போற?"

எட்டாவது வரை படித்த மனிதர். பாண்ட் பேப்பரில் இருந்த அத்தனை வரிகளும் சொல்லாமல் விட்டதை ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். அவள் உள்ளே போய், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று ஃபைலை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். புளிசாதம் அப்படியே ஊர் திரும்பியது.

இது அவள் ஒருத்தியின் பிரச்சினை இல்லை. 2011இல் மும்பையிலும் கேரளாவிலும், 2012 மார்ச்சில் சென்னையிலும் தனியார் மருத்துவமனை நர்ஸுகள் வேலைநிறுத்தம் செய்தபோது சம்பளத்தோடு சேர்த்து அவர்கள் கேட்டது இந்த பாண்டை ஒழிக்கச் சொல்லித்தான். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் நர்ஸுகளின் சம்பளம் பற்றி ஆராய ஒரு கமிட்டி போடச் சொன்னது. கமிட்டியும் சொன்னது: 200 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனை என்றால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம், 50 படுக்கைக்குக் குறைவாக இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. நல்ல பரிந்துரை. ஆனால் பரிந்துரைதான். நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். 11,000 என்று கூசாமல் சொல்ல முடிவது அதனால்தான்.

"கவர்மென்ட் வேலைக்குப் போயிடு" என்று ஊரில் எல்லோரும் சுலபமாகச் சொல்வார்கள். அங்கேயும் கதவு அகலமாகத் திறந்திருக்கவில்லை. 2012இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) வந்தது. 2015இல் 7,243 நர்ஸ் பணியிடங்களுக்குப் பெரிய தேர்வு நடந்தது. தேர்வானவர்களுக்கு ஆரம்பத்தில் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய்! பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தது பலருக்கு நினைவிருக்கலாம். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த 2,000க்கும் மேற்பட்ட நர்ஸுகளுக்கு 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். கைதட்டி, பூத்தூவி மூன்று வருடம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்காகத் தேர்வு எழுதக் கூடாது என்று அர்த்தமில்லை. அவளும் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் அது வரும்வரை வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? அடகுக் கடை வட்டி காத்திருக்காதே.

பத்து நாள் கழித்து நர்சிங் ஸ்கூலில் இரண்டு வருடம் சீனியரான ஒரு அக்காவின் நம்பர் கிடைத்தது. குரோம்பேட்டையில் வேலை பார்ப்பவர். அவர் முதலில் திட்டினார்.

"பயோடேட்டாவ யாரு கேட்ல குடுக்கச் சொன்னது? நர்சிங் சூப்பிரண்டெண்ட்ட பாக்கணும்னு கேளு. காலைல ரவுண்ட்ஸ் முடிஞ்சி பத்தரை பதினொண்ணுக்கு அவங்க கொஞ்சம் உக்காருவாங்க, அப்ப போ. கேஸ் புக் எங்க?"

"வீட்ல இருக்குக்கா."

"அதான் உன் எக்ஸ்பீரியன்ஸ். அத வீட்ல வச்சிட்டு வந்து ஃப்ரெஷர்னு சொல்லிக்கிட்டு நிக்கிற!"

கேஸ் புக் என்பது படிக்கும் காலத்தில் பார்த்த பிரசவங்கள், கவனித்த நோயாளிகள் எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்து வாங்கி வைக்கும் நோட்டு. அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டில் போஸ்டிங் இருந்தபோது அவள் தன் கையால் பார்த்த 20 பிரசவங்கள் அதில் இருந்தன. நடுராத்திரி இரண்டு மணிக்குப் பிறந்த குழந்தைகள். அது அனுபவம் இல்லாமல் வேறென்ன? எழுத்தில் இருந்தும் அவளுக்கே அது தோன்றவில்லை.

அக்கா இன்னும் சில சொன்னார். பெரிய கட்டடத்தையே பார்க்காதே, முப்பது நாற்பது படுக்கை உள்ள இடத்தில் கேள், அங்கே கேஷுவாலிட்டி, வார்டு, லேபர் ரூம் எல்லாம் ஒரே ஆள் பார்க்க வேண்டியிருக்கும், ஒரு வருடத்தில் நிறைய கற்றுக்கொள்ளலாம் என்றார். உயிர் காக்கும் முதலுதவிப் பயிற்சி (பி.எல்.எஸ்.) ஒரு நாள்தான், முடித்துவிடு என்றார். ஒரிஜினலைக் காட்டு, ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டுக் கொடு, ஒரிஜினலைக் கையோடு திரும்ப வாங்கு என்றார். பதிவு எண் உண்மையா என்று தெரிய வேண்டுமானால் கவுன்சிலில் சரிபார்த்துக்கொள்ளலாம், காகிதத்தைப் பூட்டி வைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. இன்னொன்றும் உண்டு. வளைகுடா நாடுகளுக்குப் போக நினைத்தால் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் (1978இல் தொடங்கியது) மூலமாகவே போகலாம். அதற்கும் இந்த ஒரிஜினல்கள்தான் வேண்டும். யாரோ ஒருவரின் பீரோவில் அவை இருந்தால் எங்கே போவது?

இரண்டாவது பயணத்தில் ஒரே ஒரு ஆஸ்பத்திரி. 40 படுக்கை. நர்சிங் சூப்பிரண்டெண்ட் நாகர்கோவில்காரர், ஓய்வு வயதை நெருங்கியவர். கேஸ் புக்கைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு கேட்டார்.

"20 சொட்டு செட்டு மக்ளே. 500 மில்லி, நாலு மணி நேரத்தில போகணும். நிமிஷத்துக்கு எத்தன சொட்டு?"

அவளுக்கு வியர்த்தது. 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000. நாலு மணி நேரம் 240 நிமிடம். உள்ளங்கையில் பேனாவால் வகுத்துப் பார்த்து, "42 மேடம்" என்றாள். சரி. ஊசிக்குழாய் நிறம் கேட்டார். 18 பச்சை, 20 ரோஸ், 22 நீலம், 24 மஞ்சள். சரி. நெஞ்சை அழுத்தும் வேகம்? நிமிடத்துக்கு 100 முதல் 120. சரி.

"தப்பான மருந்தைக் குடுத்திட்ட. யாரும் பாக்கல. என்ன செய்வ?"

"உடனே டாக்டர்கிட்ட சொல்லுவேன் மேடம்."

"ஏசுவாரே?"

"ஏசட்டும் மேடம். பேஷண்ட்டுக்கு என்ன ஆகும்னு அவருக்குத்தான தெரியும்."

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றினார். ஒரிஜினலை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஜெராக்ஸோடு ஒப்பிட்டு, ஃபைலை அவளிடமே நீட்டினார். சம்பளம் 13,500, டூட்டியில் சாப்பாடு, மூன்று மாதம் தகுதிகாண் காலம்.

இதை வெற்றிக்கதை என்று எழுதிவிடலாம். ஆனால் அந்தக் கமிட்டி 2016இல் சொன்ன 20,000க்கு இது 6,500 குறைவு. நல்ல மனுஷி நேர்காணல் செய்தார் என்பதால் கணக்கு மாறிவிடாது. நாலு பெண்கள் தங்கும் ஹாஸ்டல் அறைக்குச் சாப்பாட்டோடு 6,500 போக, மிச்சத்தில் அடகு வட்டிக்கும் அனுப்பி, போனுக்கும் போட்டு, மாதக் கடைசியில் டீக்குக்கூட யோசிக்க வேண்டியிருந்தது. (தாம்பரத்தில் 2023 முதல் அரசின் தோழி விடுதி இருப்பது அவளுக்கு ரொம்பப் பிறகுதான் தெரிந்தது.)

முதல் நைட் டூட்டி. ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரை. வார்டில் ஒரு வயதான அம்மாவுக்கு டிரிப் கழன்று கை வீங்கியிருந்தது. புதிதாகப் போட வேண்டும். நரம்பு நூல் மாதிரி. முதல் தடவை குத்தியதில் கிடைக்கவில்லை. இரண்டாவதும் கிடைக்கவில்லை. மூன்றாவது முறை குத்திப் பார்க்கலாம் என்று கை பரபரத்தது, சீனியரைக் கூப்பிட்டால் கேவலம் என்று மனசு சொன்னது. கூப்பிட்டாள். சீனியர் வந்து, கையைத் தொங்கவிட்டு, வெந்நீர்த் துணி ஒற்றி, ஒரே தடவையில் போட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்ததை நீ போடு, நான் நிக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பாட்டி வலியில் முனகிக்கொண்டே கேட்டார்.

"நீ எந்த ஊரு கண்ணு?"

"உத்திரமேரூர் பக்கம் பாட்டி."

"அதான பாத்தேன். நம்ம பக்கத்துப் பேச்சு. நான் மதுராந்தகம்." அப்புறம் விடியும்வரை மாத்திரை கொடுக்க அவள்தான் வர வேண்டும் என்று அடம்.

பதினொரு மாதம் ஆகிவிட்டது. செயின் திரும்பிவிட்டது, கம்மல் இன்னும் கடையில்தான். ஒரிஜினல் ஃபைல் ஊரில் அப்பாவின் டிரங்குப் பெட்டியில், நிலக் குத்தகைப் பத்திரத்துக்கு மேலே இருக்கிறது.

போன வாரம் நைட் டூட்டியில் ஒரு போன். அதே நர்சிங் ஸ்கூல், இப்போதுதான் முடித்திருக்கும் பெண். யாரோ நம்பர் கொடுத்திருக்கிறார்கள்.

"அக்கா, ஒரு எடத்துல வேலை இருக்குன்றாங்க. ஆனா ஒரிஜினல் கேக்கறாங்கக்கா."

"குடுத்துட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"குடுக்காத. கேஸ் புக் எங்க வச்சிருக்க?"

"வீட்லக்கா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிரிப் ஸ்டாண்டில் சொட்டுகளை எண்ணியபடியே கேட்டாள்.

"20 சொட்டு செட்டு. 500 மில்லி, நாலு மணி நேரம். நிமிஷத்துக்கு எத்தன?"

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. பேனா தேடும் சத்தம் கேட்டது.