கொக்கியில இருக்கு சூட்சுமம்

பொம்மை ரயில் பார்க்க வர்றவங்க எல்லாரும் என்ஜினைத்தான் பார்ப்பாங்க. பெயிண்ட் எப்படி, லைட் எரியுதா, ஹார்ன் அடிக்குதா... ஆனா பத்துப் பெட்டியோட வளைவில் திரும்பும்போது மானத்தைக் காப்பாத்தறதும் வாங்கறதும் வால்ல இருக்கிற அந்தச் சின்னக் கொக்கிதான்.

நான் ஓட்டறது ஹெச்.ஓ. நிஜ ரயில்ல 87-ல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். அமெரிக்காவில் இந்த சைஸுக்கு ரொம்ப வருஷமா வந்தது 'ஹார்ன் ஹூக்'னு ஒரு பிளாஸ்டிக் கொக்கி. ரெண்டும் பக்கவாட்டில் நெருக்கிக்கிட்டுப் பிடிக்கும். இழுத்தா பிரச்சினையில்லை. பின்னால தள்ளினா, அந்த நெருக்கலே கனமில்லாத பெட்டியைத் தண்டவாளத்தை விட்டு இறக்கிடும்.

அதனால நம்மாளுங்க மாத்தறது கேடி. (பேருதான் கேடி, குணம் தங்கம்!) கீத், டேல் எட்வர்ட்ஸ்னு இரட்டைச் சகோதரர்கள் ஆரம்பிச்ச கம்பெனி; கே, டி ரெண்டும் சேர்ந்து கேடி. நிஜ ரயில் மாதிரியே மடக்கின விரல் போல இருக்கும். அடியில் தொங்கற இரும்புக் கம்பியைத் தண்டவாளத்துக்கு நடுவில் வெச்ச காந்தம் இழுத்தா கை படாம கழண்டுக்கும்.

மாத்தறது ஒரு சாயங்கால வேலை. மோட்டாரைக் கழட்டி ஓரமா வெச்சுட்டுதான் துளை போடணும்; இல்லாட்டி இரும்புத்தூள் மொத்தமும் அதன் காந்தத்தில் போய் ஒட்டிக்கும். உயரத்தைக் கண்ணால பார்க்காம கேஜ் வெச்சுப் பார்க்கணும். பழைய என்ஜின் சிலதுல உலோக அடிச்சட்டத்திலேயே ஒரு பக்கத்துக் கரண்ட் ஓடும். அதுல ரெண்டை எதிரும் புதிருமா உலோகக் கொக்கியால் கோர்த்தா ஷார்ட்தான். கொக்கியை பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வெச்சு சட்டத்தில் படாம மாட்டிட்டா நிம்மதி.

இப்படி ஏழு என்ஜின் மாத்தியாச்சு. எட்டாவதுலதான் கை நின்னு போச்சு.

அது பக்கத்து வீட்டுப் பெரியவரோடது. எனக்கு சால்டரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். போன வருஷம் அவர் தவறினப்புறம் அவர் மனைவி ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, "நீ ஓட்டு"ன்னு கொடுத்துட்டாங்க. உள்ளே ஒரு டீசல் என்ஜின், பன்னிரண்டு பெட்டி. எல்லாம் ஹார்ன் ஹூக். என்ஜின்ல கொக்கி சக்கர போகியோட சேர்ந்து வர்ற வகை. ஒழுங்கா மாத்தணும்னா போகியோட நாக்கை அறுத்து, முகப்போட கீழ்ப்பக்கத்தையும் வெட்டணும். அங்கதான் அவர் கையால போட்ட மஞ்சள் கோடு இருக்கு. லேசா நடுங்கின கோடு. அறுத்தா திரும்பி வராது. அறுக்காட்டி என் பெட்டிகளோட சேராது, அலமாரியில்தான் தூங்கும். ஓட்டுன்னு சொல்லிக் கொடுத்ததை அலமாரியில் வைக்கவும் மனசு வரலை.

இதுக்கு நிஜ ரயில்காரங்க எப்பவோ வழி கண்டுபிடிச்சுட்டாங்க. அந்தக் காலத்தில் ஆள் ரெண்டு பெட்டிக்கு நடுவில் நின்னு வளையமும் ஆணியும் போட்டுத்தான் கோர்ப்பாங்க. விரல் போனவங்க, உயிரே போனவங்க நிறைய. 1873-ல் ஈலை ஜானி தானா மாட்டிக்கிற கொக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். அது கட்டாயம்னு சட்டம் வந்தது 1893-ல்தான். நடுவில் பழசும் புதுசும் ஒண்ணா ஓடணுமே? புதுக் கொக்கியோட விரல்லயே பழைய வளையம் நுழைய ஒரு பிளவும், ஆணிக்கு ஒரு துளையும் விட்டு வெச்சாங்க. பழசை ஒரே நாள்ல வெட்டி எறியலை.

நானும் அதையேதான் செஞ்சேன். என்கிட்ட இருந்த ஒரு சாதாரண சரக்குப் பெட்டியை எடுத்து, ஒரு முனையில் கேடி, மறுமுனையில் ஹார்ன் ஹூக். பெரியவர் என்ஜின் ஒரு கீறல் இல்லாம முன்னால போகுது. அதுக்குப் பின்னால அந்தப் பெட்டி. அதுக்கும் பின்னால என் பெட்டிகள். இழுக்க மட்டும்தான், தள்ளறதில்லை.

நடுவில் நிக்கிற அந்தப் பெட்டிக்கு 'சம்பந்தி'ன்னு பேர் வெச்சிருக்கேன் :-)