மேலே 'டி', கீழே 'பி'

ஆட்டோமேட்டிக் காரில் கியர் லிவரிலிருந்து கியர்பாக்ஸ் வரைக்கும் ஒரு கேபிள் ஓடுகிறது. அதன் நுனி வளையத்துக்குள் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு பிளாஸ்டிக் புஷ் உட்கார்ந்திருக்கும். கியர்பாக்ஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கையின் குமிழை அந்த புஷ்தான் கவ்விக்கொள்ளும். வருடக்கணக்கில் எஞ்சின் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்து அது நொறுங்கிவிட்டால், எஞ்சின் ஓடும், கியர்பாக்ஸும் நன்றாகவே இருக்கும். லிவரை எங்கே தள்ளினாலும் கீழே செய்தி போகாது, அவ்வளவுதான்.

எங்கள் பழைய காரில் இது நடந்தபோது, பழுதைவிட டாஷ்போர்டுதான் என்னை யோசிக்க வைத்தது. லிவர் 'டி'யில், அதாவது 'டிரைவ்' நிலையில் நிற்கிறது. ஸ்பீடாமீட்டருக்குக் கீழே உள்ள சின்னத் திரையிலோ 'பார்க்'கைக் குறிக்கும் 'பி' எரிகிறது. ஒரே விஷயத்துக்கு இரண்டு சாட்சிகள், இரண்டு வாக்குமூலங்கள். லிவருக்குப் பக்கத்தில் அச்சிட்ட எழுத்துக்கு என் கை இருக்கும் இடம் மட்டும்தான் தெரியும். திரையில் எரியும் எழுத்து, கியர்பாக்ஸில் பொருத்திய சென்சாரிலிருந்து வருவது. உள்ளே என்ன நிலையோ அதைச் சொல்கிறது. ஸ்டீயரிங் தண்டிலேயே லிவர் வைத்த பழைய அமெரிக்கக் கார்களில் இந்த இரண்டாவது சாட்சி கிடையாது. டாஷ்போர்டில் நகரும் முள்ளை ஒரு மெல்லிய கம்பியால் அந்த லிவரோடேயே கட்டியிருப்பார்கள். கை சொன்னதையே முள்ளும் சொல்லும். கியர்பாக்ஸின் தரப்பில் பேச யாரும் இல்லை.

நாங்கள் வசிக்கும் மிச்சிகனில், வீட்டுக் கராஜிலேயே செய்துவிடக்கூடிய வேலைதான் இது. கைபிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பானட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினால் அந்த இரும்புக் கை தெரியும். புது புஷ்ஷைக் கேபிள் வளையத்தில் பொருத்துவதற்குக் கொஞ்சம் விரல் பலம் போதும். கவனம் தேவைப்படும் இடம் வேறு. கேபிளை மாட்டுவதற்கு முன் இரண்டு முனைகளும் ஒரே எழுத்தில் நிற்க வேண்டும். கீழே உள்ள கையை 'பார்க்' கோடி வரை தள்ளி, உள்ளே பூட்டு விழுந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, மேலே லிவரையும் 'பி'யில் வைத்த பிறகுதான் குமிழின் மேல் புஷ்ஷை அழுத்த வேண்டும். ஒரு படி மாறி மாட்டிவிட்டால், அதற்கப்புறம் வண்டி சொல்வதெல்லாம் ஒரு படி தள்ளிய பொய்.

மாட்டிய பிறகு சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும். மனைவி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொன்னேன். பிரேக் மிதிக்காமல் 'பி'யிலிருந்து லிவர் கிளம்பாது. நான் பானட்டுக்குக் கீழே டார்ச்சோடு நின்றேன்.

"ஏங்க, 'ஆர்' போட்டேன்."

"வந்துடுச்சும்மா."

"'என்'."

"ம், அடுத்தது."

"'டி'. இது கொஞ்சம் இறுக்கமா இருக்கே?"

"இருக்கட்டும். உட்கார்றது கையில தெரியுதா?"

"தெரியுது. டக்குன்னு விழுது."

அந்த 'டக்' என்னைப் பிடித்துக்கொண்டது. கியர்பாக்ஸுக்குள்ளே, விளிம்பில் பள்ளங்கள் வெட்டிய ஒரு தகடு இருக்கிறது. ஸ்பிரிங்கில் பொருத்திய சின்ன உருளை ஒன்று ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து விழுந்து உட்காரும். ஒரு பள்ளம் ஒரு எழுத்து. அதே தகடுதான் எண்ணெயைத் திசை திருப்பும் வால்வையும் நகர்த்துகிறது; 'பி'க்கு வரும்போது ஓர் இரும்பு விரலைத் தள்ளிப் பல்சக்கரத்தில் மாட்டுகிறது. உருளை பள்ளத்தில் விழும் அந்த அதிர்வு கேபிள் வழியாகவே மேலேறி அவள் உள்ளங்கைக்கு வந்து சேர்கிறது. கட்டளையைக் கீழே கொண்டுபோகும் கேபிள், பதிலையும் மேலே கொண்டுவருகிறது. இத்தனை வருடம் கார் ஓட்டியும் இந்தப் பாதிக் கடமையை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அவள் எழுத்துகளை வரிசையாகச் சொல்லக் கேட்டபோது இன்னொன்றும் தோன்றியது. பி, ஆர், என், டி, எல்: பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், லோ. இந்த வரிசையை யார் முடிவு செய்தார்கள்?

ஆன் ஆர்பர் நகரின் பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கிய ரால்ஃப் நேடரின் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' என் அலமாரியில் இருக்கிறது. 1965இல் வந்த புத்தகம். அதைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லாரும் ஷெவர்லே கார்வேர் பற்றிய முதல் அத்தியாயத்தைத்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. வழக்கறிஞரான நேடர் அதில் கியர் எழுத்துகளின் வரிசை என்ற ஒன்றை எடுத்துக்கொண்டு விடாமல் வாதாடுகிறார்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீலில் கொண்டுவந்த ஹைட்ராமேட்டிக்தான் பெருவாரியாக விற்ற முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதில் ரிவர்ஸ் கடைசியில் இருந்தது, 'லோ'வை ஒட்டினாற்போல. அதற்கும் ஒரு நியாயம் உண்டு. பனியில் சக்கரம் புதைந்தால் வண்டியை முன்னும் பின்னுமாக ஆட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். 'எல்'லும் 'ஆர்'ரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அந்த வேலை சுலபம். மிச்சிகன் ஜனவரியில் வீட்டு வாசலிலேயே வண்டி சிக்கிக்கொள்வதைப் பார்த்தவன் என்பதால், வரைபலகையில் அந்த வரிசையைப் போட்ட பொறியாளரின் மனசு எனக்குப் புரிகிறது.

நேடர் பார்த்தது மறுபக்கத்தை. வேகத்தைக் குறைக்க 'எல்'லைத் தேடிப் போகும் கை ஒரு படி கூடுதலாகப் போனால், முன்னே போக வேண்டிய வண்டி பின்னே பாய்கிறது. ஒரு கம்பெனி காரில் 'பி, என், டி, எல், ஆர்'. இன்னொன்றில் 'பி, ஆர், என், டி, எல்'. கிரைஸ்லர் 1956இலிருந்து 1964 வரை லிவரையே எடுத்துவிட்டு பட்டன்கள் வைத்திருந்தது. கார்வேரின் ஆட்டோமேட்டிக்கில் 'பார்க்' என்பதே கிடையாது. ஒரு வண்டியில் பழகிய கை இன்னொரு வண்டியில் ஏறும்போது, பழக்கமே எதிரியாகிறது. அப்படி வண்டி ஓடிவந்து மனிதர்கள் மாட்டிக்கொண்ட சம்பவங்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். டிரைவரின் அஜாக்கிரதை என்று கம்பெனிகள் சொல்லிவந்த காலம் அது. ஆயிரக்கணக்கான கைகள் ஒரே விதமாகத் தடுமாறினால் குற்றம் கையில் இல்லை, வரிசையில் இருக்கிறது என்பது அவர் கட்சி. அவர் பக்கம்தான் நானும்.

1966 செப்டம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். 1968 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த விதிகளில் ஒன்று, முன்னே போகும் நிலைக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நியூட்ரல் இருந்தே தீர வேண்டும் என்றது. 'பார்க்' இருந்தால் அது கோடியில், ரிவர்ஸுக்குப் பக்கத்தில். அப்படி ஒழுங்கான வரிசையைத்தான் என் மனைவி கராஜில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

வரிசை சரியானதும் பள்ளங்களின் பிரச்சினை வெளியே வந்தது. 'பி'க்கும் 'ஆர்'ருக்கும் நடுவே ஒரு மேடு இருக்கிறது. லிவரை 'பி'யில் போட்டதாக நினைத்து ஒருவர் இறங்கிப் போகிறார்; உருளையோ மேட்டின் மேலேயே நிற்கிறது. ஓடும் எஞ்சினின் அதிர்வில் அது 'ஆர்' பக்கம் சரிந்தால் வண்டி தானே பின்னால் வரும். 1966 முதல் 1980 வரை வந்த ஃபோர்டு கார்களைப் பற்றி இப்படிப் புகார்கள் குவிந்தன. முடிவில் 1980 டிசம்பரில் ஃபோர்டும் அமெரிக்க அரசும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. சுமார் 2.3 கோடி வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கு, டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்ள எச்சரிக்கை ஸ்டிக்கர் அனுப்புவது என்று. இரும்பு கொடுக்க வேண்டிய உறுதியைக் காகிதத்திடம் கேட்டார்கள் என்ற வருத்தம், அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு உண்டு.

2022 ஜூனில் அதே கம்பெனி சுமார் 29 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம், நான் மாற்றியதைப் போன்ற ஒரு புஷ். இந்த முறை புது புஷ்ஷும் அதன் மேல் ஒரு காப்பு மூடியும் போட்டுக் கொடுத்தார்கள். இதுதான் முறை என்பேன்.

இப்போது பல கார்களில் கேபிளே இல்லை, மின்சாரக் கட்டளைதான். தள்ளினால் போய்விட்டு மறுபடி நடுவுக்கே திரும்பிவிடும் லிவர்களும் வந்தன. கை வைத்த இடத்தில் லிவர் நிற்காது என்பதால், எந்த நிலையில் விட்டோம் என்று கைக்குத் தெரியாது. அந்த மாதிரி லிவர் கொண்ட 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் 2016 ஏப்ரலில் திரும்ப அழைக்கப்பட்டன. இரண்டு மாதம் கழித்து, அந்தப் பட்டியலில் இருந்த ஜீப் ரகம் ஒன்று லாஸ் ஏஞ்சலீஸில் சரிவான வாசலில் உருண்டு வந்து நடிகர் அன்டன் யெல்ச்சின் மேல் மோதி நெரித்தது. அவருக்கு வயது 27.

கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை கியர் தானே மாறும் ஏ.எம்.டி. கார் வாங்கியதும் போன் செய்தாள். "அண்ணா, இதுல 'ஆர்', 'என்', 'டி' தான் இருக்கு. 'பி'யே காணோமே, எப்படி நிறுத்தறது?" கியரிலேயே விட்டு எஞ்சினை அணைத்து, கைபிரேக்கை இழுத்துவிடு என்றேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது: ஆரம்பகால ஹைட்ராமேட்டிக்கிலும் 'பார்க்' கிடையாது. எஞ்சினை அணைத்துவிட்டு ரிவர்ஸில் போட்டால்தான் பூட்டு விழும். ஓல்ட்ஸ்மொபீல்காரர்கள் அன்று கற்ற பாடத்தை அவள் 2014க்குப் பிறகு இந்தியச் சாலைகளில் பெருகிய வண்டியில் கற்கிறாள்.

'பி' உள்ள காரிலும் கைபிரேக்கை முதலில் இழுங்கள், பிறகு 'பி'யில் போடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு இரும்பு விரலும் ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷும் மட்டும் தாங்க வேண்டிய பாரம் இல்லை அது. கார் செய்பவர்களிடமும் ஒன்று கேட்பேன். பட்டன் வையுங்கள், திருகு வையுங்கள், கேபிளை எடுத்துவிடுங்கள். ஆனால் கை கேட்டதற்குக் கையிலேயே பதில் கிடைக்கும்படி செய்யுங்கள். கண் திரையைப் பார்க்க மறக்கும். உள்ளங்கைக்கு வந்த 'டக்'கை யாரும் தவறவிடுவதில்லை.