பனந்தாளில் கண் விழித்த பிஎஸ்பி!

கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் ‘அணைக்கரை, ஜெயங்கொண்டம்...’ என்று கூவுகிற பஸ்ஸில் ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்துவிட்டால் போதும். சோழபுரம் தாண்டியதும் ரெண்டு பக்கமும் வயல், வரப்பு, வாய்க்கால் என்று டெல்டா தன் வேலையை ஆரம்பித்துவிடும். டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, நாலு பாட்டு கேட்டு முடிப்பதற்குள், “திருப்பனந்தாள்லாம் இறங்கு!” என்று குரல் வந்துவிடும்.

போன மாதம் அப்படித்தான் இறங்கினேன். தோள் பையில் துண்டு, பிரஷ், ஒரு பழைய பிஎஸ்பி. ஆமாம் பாஸ்... சோனியின் அதே கறுப்பு ‘பிளே ஸ்டேஷன் போர்ட்டபிள்’தான். ஊருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? இருக்கு. அந்தப் பெட்டி ஒருமுறை செத்துப் பிழைத்தது இந்த ஊர்க் கடைத்தெருவில்தான்!

சாய்ந்த சாமி, நிமிர்ந்த சாமி

முதலில் ஊரைச் சுற்றிப் பார்த்துடலாம். திருப்பனந்தாள் என்றாலே ரெண்டு விஷயம். ஒன்று, செஞ்சடையப்பர் கோயில். சம்பந்தர் பாடிய தலம், தல மரம் பனை. தாடகை என்ற பெண் தினமும் சாமிக்கு மாலை சாத்துவாள். (ராமாயணத்து அரக்கி இல்லை, இது வேற தாடகை!) ஒருநாள் மாலையைத் தூக்கும்போது சேலை நழுவ, முழங்கையால் அதை இடுக்கிப் பிடித்துக்கொண்டு தவித்திருக்கிறாள். ‘சரி, நானே வர்றேன்’ என்று சாமி தலையைச் சாய்த்து மாலையை வாங்கிக்கொண்டாராம். அதனால் இந்தக் கோயிலுக்கே ‘தாடகையீச்சரம்’ என்று பெயர்.

சாய்ந்த லிங்கத்தை நிமிர்த்த, சோழ ராஜா யானைகளைக் கட்டி இழுத்துப் பார்த்தான். ம்ஹூம்! கடைசியில் திருக்கடவூரிலிருந்து குங்கிலியக்கலய நாயனார் வந்தார். கயிற்றின் ஒரு முனை லிங்கத்தில், இன்னொரு முனை தன் கழுத்தில். இழுத்தார். லிங்கம் நிமிர்ந்தது. பெரியபுராணம் சொல்கிற கதை இது. யானை பலத்தால் முடியாதது ஒற்றைக் கயிற்றில் முடிந்தது. இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, அப்புறம் தேவைப்படும்.

இன்னொன்று, காசித் திருமடம். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் காசிக்குப் போய், கேதார கட்டத்தில் மடம் கட்டினார். டெல்லி பாதுஷாவின் ஆளிடம் இடம் கேட்க இந்துஸ்தானி தெரியவில்லை. கலைமகளை வேண்டி ‘சகலகலாவல்லி மாலை’ பாடினார், மொழி வந்துவிட்டது என்பது மரபு. அவர் வழி வந்தவர்கள் பின்னாளில் திருப்பனந்தாளில் நிலைகொண்டார்கள். மடத்தின் தலைவருக்கு இன்றைக்கும் ‘காசிவாசி’ என்றுதான் பட்டம். மடம் போட்ட தமிழ்ப் புத்தகங்கள் இல்லாத தமிழ் வாத்தியார் வீடு இந்தப் பக்கம் அபூர்வம். எங்க தாத்தா வீட்டில் ஒரு பீரோ நிறைய இருந்தது.

அந்த மே மாசம்

2008 மே. காலேஜ் லீவில் தாத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் மாமா, பத்து நாள் லீவில் வந்திருந்தார். பையனுக்காக மூணு மாச ஓவர்டைம் காசில் வாங்கி வந்ததுதான் அந்த பிஎஸ்பி. பொடியனுக்குப் பதினோரு வயசு. ராத்திரி தலையணைக்கு அடியில் வெச்சுக்கிட்டுத்தான் தூங்குவான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ‘கம்ப்யூட்டர் படிக்கிறவன்’ என்ற கெத்து விடவில்லை. “இதுல புது சாஃப்ட்வேர் ஏத்தித் தர்றேன்டா” என்று வாங்கினேன். பாதியில் ஸ்க்ரீன் அப்படியே நின்றது. ரெண்டு நிமிஷம் பொறுத்தேன். மூணாவது நிமிஷம் பேட்டரியைக் கழட்டிட்டேன். அவ்ளோதான்! அதுக்கப்புறம் ஸ்விட்சைத் தள்ளினால் பச்சை லைட் எரியும். திரை கறுப்பு. உள்ளே இருந்த சிஸ்டம் பாதி அழிந்து, பாதி எழுதப்பட்டு, நடுத்தெருவில் நிற்கிறது. இந்த நிலைக்கு ‘பிரிக்’ என்று பேர். செங்கல்! நல்ல காரணப்பெயர்தான்.

மாமா ஞாயிற்றுக்கிழமை ஃப்ளைட். அன்றைக்கு வியாழன். செங்கல்லைப் பத்தாயத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, “சார்ஜ் போட்டிருக்கேன்” என்று பொடியனிடம் பொய் சொன்னேன். அன்றைக்குச் சோறு இறங்கலை.

பேட்டரிதான் சாவி

கடைத்தெருவில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. ஒரு மேஜை, ஒரு டேபிள் லேம்ப், ஒரு லென்ஸ். கடைக்கார அண்ணன் அதற்கு முன்னால் மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தவர். பிஎஸ்பியை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கையில் வாங்கிப் பார்க்கிறார்.

“போர்டு செத்துடுச்சா தம்பி?”

“இல்லண்ணே. போர்டு நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்கிற சாஃப்ட்வேர் போயிடுச்சு.”

“அப்ப உசுரு இருக்கு. வழி கண்டுபிடிச்சுக்கிட்டு வா, கை வேலையை நான் பாக்குறேன்.”

வழி இருந்தது. கும்பகோணத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் அரைநாள் உட்கார்ந்து படித்தேன். விஷயம் இதுதான்:

பிஎஸ்பி 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியானது. சோனி கையெழுத்திட்ட புரோகிராம் மட்டும்தான் அதில் ஓட வேண்டும் என்பது கம்பெனி கணக்கு. நாமே எழுதிய, நண்பன் எழுதிய புரோகிராம்களை (இதற்குத்தான் ‘ஹோம்பிரூ’ என்று பெயர்) அது ஏற்காது. உலகம் முழுக்கப் பொடிப்பசங்க ஒரு பூட்டைத் திறக்க, சோனி அடுத்த அப்டேட்டில் புதுப் பூட்டு போட, இப்படியே ரெண்டு மூணு வருஷம் ஓடியது.

2007 ஆகஸ்ட்டில் வந்தது ‘பண்டோரா பேட்டரி’. பிஎஸ்பி பேட்டரி வெறும் பேட்டரி இல்லை. 3.6 வோல்ட், 1800 மில்லி ஆம்பியர்-ஹவர் செல்லோடு சேர்த்து ஒரு குட்டி சர்க்யூட்டும் உள்ளே இருக்கிறது. அதில் ஒரு மெமரி சிப், அந்தச் சிப்பில் ஒரு சீரியல் நம்பர். பேட்டரியைப் போட்டதும் பிஎஸ்பி முதலில் கேட்பது, “நீ யாரு?” சாதாரண நம்பர் வந்தால் வழக்கம்போல் தன் உள் நினைவிலிருந்து கிளம்பும். எட்டு இடத்திலும் ‘எஃப்’ என்று வந்தால்? ‘ஓஹோ, சர்வீஸ் சென்டர்லேர்ந்து ஆள் வந்திருக்கார்’ என்று எழுந்து, உள் நினைவைத் தொடாமல், மெமரி ஸ்டிக்கில் இருப்பதைப் படிக்க ஆரம்பித்துவிடும். ரிப்பேர்காரர்களுக்காகக் கம்பெனியே வைத்திருந்த கொல்லைப்புறக் கதவு!

நம்பரை மாற்ற ரெண்டு வழி. ஏற்கெனவே திறக்கப்பட்ட வேறொரு பிஎஸ்பி இருந்தால், அதில் பேட்டரியைப் போட்டு சாஃப்ட்வேராலேயே மாற்றலாம். திருப்பனந்தாளில் ரெண்டாவது பிஎஸ்பிக்கு எங்கே போவது? இன்னொரு வழி, சிப்பின் எட்டுக் கால்களில் ஐந்தாவது காலை மட்டும் போர்டிலிருந்து தூக்கிவிடுவது. கால் தொடர்பு அறுந்ததும் சிப் பேசாது. பதில் வராத கம்பியில் எல்லாம் 1, 1, 1 என்றே தெரியும். பதினாறின் கணக்கில் அதுதான் எஃப், எஃப், எஃப். ஊமையாக்கினால் அதிகாரி ஆகிவிடுகிறான். அவ்வளவுதான் சூட்சுமம்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம்

மெமரி ஸ்டிக்கில் எழுத கார்டு ரீடர் வேண்டும். சோனி கார்டு எல்லா ரீடரிலும் நுழையாது. போட்டோ ஸ்டூடியோவில் கிடைத்தது. கல்யாண ஆல்பம் வேலையை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரைக் கொடுத்தார் ஸ்டூடியோக்காரர். அதில் ஏற்றிய புரோகிராமின் பெயர் ‘டெஸ்பெர்ட்டார் டெல் செமன்டீரியோ’. ஸ்பானிஷ் மொழியில் ‘மயானத்திலிருந்து விழித்தெழல்’ என்று அர்த்தம். டார்க் அலெக்ஸ் என்ற புனைபெயரில் எழுதிய ஸ்பெயின்காரர் செய்தது. பெயரைப் படித்ததும் லேசாக நம்பிக்கை வந்தது.

கடையில் அண்ணன் பேட்டரி ஓட்டை பிளேடால் விளிம்போடு மெதுவாகப் பிரித்தார். “இதுல குத்துப்பட்டா புஸ்ஸுன்னு தீ வரும். ஒரு வாளி மணல் கொண்டாந்து பக்கத்துல வை” என்றார். சாமி சத்தியமா, அந்த மணல் வாளிதான் அன்றைக்கு நான் கற்ற முதல் பாடம். லித்தியம் விளையாட்டு இல்லை மக்களே! லென்ஸுக்குக் கீழே ஊசி முனையால் ஒரு காலை, அரிசியில் கால்வாசிகூட இருக்காது, பட்டென்று தூக்கினார்.

பேட்டரியைச் செருகினோம். ஸ்விட்சைத் தொடவே இல்லை... தானாக லைட் எரிந்தது. மெமரி ஸ்டிக்கின் விளக்கு படபடவென்று துடித்தது. கொஞ்ச நேரத்தில் திரையில் எழுத்து! எக்ஸ் பட்டனை அழுத்தினேன். இந்தத் தடவை பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிஎஸ்பி எழுந்தது. அண்ணன் சிப்பின் காலைத் திரும்ப ஒட்டி, ஓட்டை மூடி, “அஞ்சாவது கால்ல உசுரை வெச்சிருக்கான் பாரு!” என்று சிரித்தார். முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

யானைகள் தோற்று, ஒரு கயிறு ஜெயித்த ஊர் இல்லையா!

தாத்தாவின் சுவடி

சரியாகிடுச்சே, யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ராத்திரி தாத்தா கேட்டார்: “ரெண்டு நாளா பத்தாயத்தையே சுத்தி வர்றியே, என்னடா?” சொல்லிட்டேன். “மாமாகிட்ட நீயே சொல்லு. சரிபண்ணினதையும் சொல்லு, கெடுத்ததையும் சொல்லு” என்றார்.

மாமா கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நாங்க பட்டறையில ஒரு நட்டைக் கழட்டினா, கழட்டினவன் பேரு போர்டுல எழுதணும் மாப்ளே. மறைச்சாத்தான் தப்பு” என்றார். அதோடு விட்டுவிட்டார். திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

பூட்டுத் திறந்த பிஎஸ்பியில் நான் முதலில் போட்டது கேம் இல்லை. ‘புக்கர்’ என்ற ஹோம்பிரூ, பிடிஎஃப் படிக்கிற புரோகிராம். சோனி கொடுத்த மெனுவில் ஜப்பான் மொழி, ரஷ்ய மொழி எல்லாம் உண்டு, தமிழ் கிடையாது. பிடிஎஃபிலோ எழுத்துருவும் உள்ளேயே பொதிந்திருக்கும். 1998 பொங்கலில் தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ பழந்தமிழ் நூல்களை இலவசமாக இணையத்தில் வைத்திருந்தது. குமரகுருபரரின் ‘நீதிநெறி விளக்கம்’ இறக்கி, திரையில் பெரிதாக்கி, தாத்தாவிடம் கொடுத்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரெண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். அகலம் 480 புள்ளி, உயரம் 272 புள்ளி. படுத்த வாக்கில் நீளத் திரை. “ஏண்டா... சுவடி மாதிரியே இருக்குடா!” என்றார். பனையைத் தல மரமாக வைத்த ஊரில், பனை ஓலை வாக்கில் ஒரு மிஷின். அன்றைக்கு ராத்திரி கரண்ட் போன பிறகும் திண்ணையில் அந்த வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்தார். பொடியன்தான் பாவம், தன் டர்னுக்காகப் பக்கத்திலேயே உட்கார்ந்து தூங்கிப் போனான்.

இப்போது...

2008 கடைசியில் வந்த போர்டுகளிலும் பிஎஸ்பி-3000 மாடலிலும் சோனி அந்தக் கொல்லைக் கதவை மூடியது. 2014-ல் பிஎஸ்பி விற்பனையையே முடித்துக்கொண்டது. 2021 ஜூலையோடு அந்தக் கருவியிலிருந்தே கேம் வாங்கும் வசதியும் நின்றது. கம்பெனி கைவிட்ட பிறகும் அந்தப் பெட்டிகள் இன்றைக்கு ஓடுகின்றன என்றால், அதற்குப் பெரிய காரணம் ஹோம்பிரூ பசங்கதான்.

திருட்டு கேம் ஓட்டியவர்களும் இதே கதவு வழியாகத்தான் போனார்கள், மறைக்கவில்லை. நம் காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. 2022 டிசம்பரில் மத்திய அரசு ‘ரிப்பேர் செய்யும் உரிமை’க்காக ஒரு இணையதளமே திறந்தது. அதில் செல்போனோடு விவசாயக் கருவிகளும் சேர்த்தி. பம்ப்செட்டையும் பவர் டில்லரையும் வாய்க்கால் கரையிலேயே பிரித்து மாட்டுகிற டெல்டாக்காரர்களுக்கு இதையெல்லாம் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

போன மாதம் போனபோது தாத்தா இல்லை. பீரோ இருக்கிறது. கடைத்தெருவில் அண்ணனின் கடை பெரிதாகியிருக்கிறது. லென்ஸுக்குப் பதில் மைக்ராஸ்கோப். பையிலிருந்து பிஎஸ்பியை எடுத்து நீட்டினேன். பேட்டரி உப்பிய பூரி மாதிரி ஆகியிருந்தது.

“அஞ்சாவது கால் தம்பியா?” என்றார் உடனே! பேட்டரியைக் குத்தாமல், அழுத்தாமல் எடுத்து, மணல் போட்ட டப்பாவில் தனியாக வைத்தார். “இதை வீட்டுக் குப்பையில போட்ராத. நான் எலக்ட்ரானிக் குப்பை எடுக்க வர்றவங்ககிட்ட குடுத்துக்கிறேன்.” பேட்டரி இல்லாமல் அடாப்டரைச் சொருகினோம். எழுந்தது. புக்கரில், தாத்தா நிறுத்திய பக்கத்திலேயே திறந்தது.

சாயங்காலம் அணைக்கரை வரை போனேன். 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணை. இங்கிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குப் போகிற தண்ணீரைத்தான் 2004 முதல் சென்னையும் குடிக்கிறது. மதகுக்குப் பக்கத்தில் நின்று பொடியனுக்குப் போன் போட்டேன். அவனும் இப்போது சிங்கப்பூரில்தான். கதையைச் சொன்னேன். “அது என் பிஎஸ்பி, ஞாபகம் இருக்கட்டும். பொங்கலுக்கு வர்றேன்” என்றான்.

இந்தத் தடவை ஒளித்து வைக்கவில்லை. பத்தாயத்துக்கு மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.