நாலு கிலோ நன்னாரி வேரும் ஒரு கடப்பாரையும்

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டிருந்த இருளர் பெரியவர் அவர். காப்புக்காட்டை ஒட்டிய சாலையில் நாலு கிலோ நன்னாரி வேரோடும் ஒரு கடப்பாரையோடும் பிடிபட்டார். ஒப்புக்கொண்டு பணம் கட்டியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அவர் மாட்டேன் என்றுவிட்டார். அவருக்காக வாதாடிய வக்கீல் நான்.

“திருடுனேன்னு கைநாட்டு வைக்கச் சொல்றாங்க ஐயா. வேர முழுசா புடுங்க மாட்டோம். பாதிய மண்ணுலயே வுட்டு மூடிட்டு வருவோம். அடுத்த மழைக்குக் கொடி ஏறணும் இல்ல? திருடுறவன் அப்படி வுடுவானா?”

இந்தக் கேள்விக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தேன், மெழுகு, மூலிகை, வேர், கிழங்கு எல்லாம் அதில் சிறு வனப்பொருள்கள். வழிவழியாகச் சேகரித்தவர்களுக்கு அவற்றின் மீது உடைமை உரிமையும் விற்கும் உரிமையும் உண்டு. ஆனால் கோரிக்கை கிராம சபையில் தொடங்க வேண்டும். பள்ளிக்கரணையோ பேரூராட்சியாக இருந்து 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் போன ஊர். கிராம சபைக்கு எங்கே போவது? சட்டம் ‘கிராமம்’ என்று சொல்லும்போது, அறிவிக்கப்படாத பழைய குடியிருப்புகளையும் சேர்த்தே சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த முட்டு சாதிச் சான்று. பழங்குடி என்று தாள் இருந்தால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் போதும். இல்லையென்றால் 75 ஆண்டு, மூன்று தலைமுறை காட்ட வேண்டும். அவரிடம் தாள் இல்லை. அப்பன் காலத்திலிருந்து அவர்களிடம் வேர் வாங்கிய நாட்டுமருந்துக் கடைக்காரரைச் சாட்சிக்கு அழைத்தேன். வாங்கியவன் என்று தன் மேலும் வழக்கு வரும் எனப் பயந்து அவர் வரவில்லை.

பெரியவரின் அப்பா பாம்புத்தோலும் விற்றவர். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த வியாபாரம் போனது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்து, உரிமத்தோடு பாம்பு பிடித்து நஞ்செடுக்கும் வேலை சிலருக்குக் கிடைத்தது. அந்தக் கைத்திறனைச் சட்டம் மதித்தது. வேர் தோண்டும் கைத்திறனையும் ஒரு தீர்ப்பாவது மதிக்க வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டேன்.

நடக்கவில்லை. நன்னாரி புறம்போக்கு வேலியிலும் படரும் கொடி. இந்த வேர் காட்டுக்குள் தோண்டியதுதான் என்று அரசுத் தரப்பால் நிரூபிக்க முடியவில்லை. நான் மாற்று வாதமாக வைத்த அந்தச் சின்னப் புள்ளியில் விடுதலை கிடைத்தது. உரிமையைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரி இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

பெரியவர் கேட்டது வேறு. “கடப்பாரைய எப்ப குடுப்பாங்க ஐயா?”

தனி மனு போட்டு வாங்கினோம். கூடவே வந்த வேர் மூட்டையில் பூசணம் பிடித்திருந்தது. ஒரு துண்டைக் கிள்ளி மோந்து பார்த்தார். வாசமே இல்லை. மூட்டையை மரத்தடியில் கொட்டிவிட்டு, கடப்பாரையைத் தோளில் சாத்திக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.