ரசம் போன கண்ணாடி

ஏற்காட்டில் இருந்துகொண்டு பழைய கண்ணாடி சேர்ப்பது விவேகமுள்ளவர்கள் செய்யும் காரியமன்று. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம். ஐப்பசி பிறந்துவிட்டால் மூடுபனி சன்னல் வழியே நுழைந்து கூடத்தில் அமர்ந்துகொள்ளும். எனினும் நாங்கள் இருவரும் பதினோரு கண்ணாடிகள் சேர்த்துவிட்டோம். சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில். அதன் பின் எழுந்த தோட்டத்து பங்களாக்கள் கைமாறுகையில் தேக்குச் சட்டமிட்ட நிலைக்கண்ணாடிகள் வெளியே வரும். எல்லாம் பெல்ஜியம் என்பார்கள்; பாதியை நம்பலாம்.

சொல்ல வந்தது பன்னிரண்டாவதைப் பற்றி. இரு கைகளை விரித்த அளவு. சுடுமண்ணில் செய்து மெருகேற்றிய சட்டம், மஞ்சளும் பழுப்புமாய்ச் சூரியக் கதிர்கள், நடுவே சிறிய வட்டக் கண்ணாடி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சில் இத்தகைய பீங்கான் கண்ணாடிகளுக்கு ஒரு காலம் இருந்தது. பிக்காஸோ மண் பிசைந்த வல்லோரி என்ற குயவர் ஊரிலும் இவை உருவாயின. ஜார்ஜ் ஜூவ் (1910–1964) செய்தவை இன்று ஏலக்கூடங்களில் பெருவிலை பெறுகின்றன. எங்களுக்கு உவப்பானவர் மித்தே எஸ்பெல்த். 1923இல் பிறந்து 2020இல் மறைந்த அவர், தம் படைப்புகளில் பெயரே பொறிக்கவில்லை. எங்களுடையதிலும் பெயரில்லை. அதைக்கொண்டு எந்த உரிமையும் கொண்டாடமாட்டோம்.

இதைப் புதுச்சேரியில் ஒரு பாட்டியிடம் வாங்கினோம். அவர் கணவர் 'சொல்தா'. பிரெஞ்சுப் படையில் இந்தோசீனம் வரை போய், பின் தென்பிரான்சில் பணியாற்றியவர். விடுப்பில் வரும்போது துணிகளுக்கு நடுவே சுற்றி எடுத்துவந்தாராம். பாட்டி மகளுடன் வசிக்கப் பாரீசுக்குப் புறப்படும் வேளை. பணத்தை எண்ணாமலே வாங்கிக்கொண்டு, "கண்ணாடிய மட்டும் மாத்திடாதீங்கம்மா, அவரு மொகம் பார்த்தது" என்றார்.

முன்பு கண்ணாடியின் பின்புறம் வெள்ளீயமும் பாதரசமும் பூசினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லீபிக் வெள்ளி பூசும் முறையைக் கண்ட பிறகும் நம் மொழி 'ரசம்' என்ற சொல்லை விடவில்லை. அந்த வெள்ளிக்கு ஈரம் எமன். மூன்று மழைக்காலத்தில் விளிம்பிலிருந்து கறுப்பு பரவி, இப்போது நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெரிகின்றன.

சேலத்துக் கண்ணாடிக் கடைக்காரர் அரைமணியில் புதியது பொருத்தித் தருவதாகச் சொன்னார். எங்களில் ஒருவருக்குச் சம்மதம்: பழையதைத் துணியில் பொதிந்து சட்டத்துடனேயே வைத்துக்கொள்ளலாம், ஈரம் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பதா வாக்கைக் காப்பது? மற்றவருக்குச் சம்மதமில்லை. பின்னால் இறுகிப்போன பூச்சை நெம்பினால் சுடுமண் விரிசல் விடும் என்பது அவர் சொன்ன காரணம். சொல்லாத காரணம் வேறு. இதற்காக இரண்டு நாள் பேசாமலும் இருந்தோம்.

இதற்கிடையில் பாட்டி தொலைபேசியில் அழைத்தார். தை மாதம் பேரன் வருகிறானாம், காட்ட வேண்டுமாம். "மொகம் தெரியுதில்ல?" என்று கேட்டார். தெரிகிறது என்றோம். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

மறுநாளே கண்ணாடியைக் கம்பளியில் சுற்றி, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் மடியிலேயே வைத்துச் சேலத்துக்கு இறக்கினோம். அங்கே அக்காள் வீடு உலர்ந்தது. தைவரை மிஞ்சியிருப்பதாவது தங்கும். ரசம் போனதை வீட்டில் வைக்கக் கூடாதென்று அக்காள் அதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டியிருக்கிறாள்.