முதலில் வந்தவரும் முதற்பரிசு பெற்றவரும்



சென்ற மாதம் பள்ளிப் புதிர்ப்போட்டிக்காக ஐந்தாம் ஆண்டு மாணவர்களைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தேன். 'முதன்முதல்' என்னும் தலைப்பில் ஐம்பது வினாக்கள் எழுதவேண்டும். நம் பிள்ளைகளுக்கு மகிழுந்துப் பந்தயம் என்றால் உயிர். ஆகவே, "1895ஆம் ஆண்டில் பாரிஸிலிருந்து போர்தோ சென்று பாரிஸுக்கே திரும்பிய பந்தயத்தில் வென்றவர் யார்?" என்று ஒரு வினாவை எழுதினேன். விடையைத் தேடியபோது ஒரு நூலில் ஒரு பெயர். இன்னொன்றில் வேறு பெயர். அச்சுப்பிழை போலும் என்று எண்ணினேன். பிழை அச்சில் இல்லை. என் வினாவில்தான் இருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே தொடங்கவேண்டும். 1894 ஜூலை 22ஆம் நாள், 'லெ பெத்தி ஜூர்னால்' என்னும் பிரெஞ்சு நாளிதழ் பாரிஸிலிருந்து ரூவான் நகர்வரை குதிரையில்லா வண்டிகளின் போட்டியை நடத்தியது. தூரம் ஏறக்குறைய 126 கிலோமீட்டர். முதலில் போய்ச் சேர்ந்தவர் தெ தியோன் பிரபு. அவர் ஓட்டியது நீராவி வண்டி. அடுத்து வந்த பெட்ரோல் வண்டியை மூன்றரை நிமிடத்தில் முந்தியிருந்தார். எனினும் முதற்பரிசு அவருக்குக் கிட்டவில்லை. வண்டி ஆபத்தில்லாததாக, கையாள எளியதாக, செலவு குறைந்ததாக இருக்கவேண்டும் என்பது விதி. அவர் வண்டிக்கோ அடுப்பில் கரி போட இன்னோர் ஆள் தேவைப்பட்டது. முதற்பரிசான 5,000 பிராங்கைப் பியூஜோ நிறுவனமும் பனார்-லெவசோர் நிறுவனமும் பகிர்ந்துகொண்டன.

மறு ஆண்டு நடந்தது இதனினும் வியப்பு. 1895 ஜூன் மாதம், 1,178 கிலோமீட்டர் தூரத்தை எமில் லெவசோர் 48 மணி 48 நிமிடங்களில் கடந்து பாரிஸ் திரும்பினார். இரவும் பகலும் ஏறத்தாழ முழுத்தூரத்தையும் தாமே ஓட்டினார். சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர்தான். இன்று நம் பிள்ளைகள் மிதிவண்டியிலேயே அவ்வேகத்தை எட்டிவிடுவர். ஆனால், திண்ம ரப்பர் சக்கரமும் அக்காலத்துச் சாலையும் சேர்ந்து உலுக்கிய அந்த இரண்டு நாள்களை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அவருக்கும் முதற்பரிசு இல்லை! முதற்பரிசு நான்கு இருக்கை வண்டிக்கே என்பது விதி. அவருடையதோ இரண்டு இருக்கை. ஏறக்குறைய பதினொரு மணி நேரம் கழித்து வந்த போல் கெக்லின் என்பவரின் பியூஜோ வண்டிக்கே பரிசு சென்றது.

அதே பந்தயத்தில் மிஷலின் சகோதரர்களும் ஓடினர். காற்றடைத்த டயரை மகிழுந்துப் பந்தயத்துக்கு முதன்முதலில் கொண்டுவந்தவர்கள் அவர்களே. டயர் மீண்டும் மீண்டும் பஞ்சரானது. குறித்த நூறு மணி நேரத்திற்குள் அவர்களால் திரும்ப இயலவில்லை. ஆனால், பதினொரு ஆண்டுகளுக்குப் பின், 1906இல், லெ மான் நகருக்கு அருகே முதல் கிராண்ட் பிரீ நடைபெற்றபோது, கழற்றி மாட்டக்கூடிய மிஷலின் சக்கர வளையங்களே ரெனோ வண்டியை ஓட்டிய பெரென்க் சிஸ் வெல்வதற்குப் பெரிதும் உதவின. மற்றவர்கள் கிழிந்த டயரைக் கத்தியால் அறுத்து நீக்கிக்கொண்டிருக்க, அவர் சில நிமிடங்களில் சக்கரம் மாற்றிப் புறப்பட்டார்.

'இறுதி' ஒன்றையும் சொல்லவேண்டும். 1903 மே 24ஆம் நாள் தொடங்கிய பாரிஸ்-மட்ரிட் பந்தயமே பிரான்சின் பொதுச்சாலைகளில் நகருக்கு நகர் ஓடிய பெரும்பந்தயங்களில் இறுதியானது. புழுதி கண்ணை மறைத்தது. சாலையோரக் கூட்டத்திற்குத் தடுப்பு இல்லை. ஓட்டுநர்களும் பார்வையாளர்களும் மாண்டனர். மார்செல் ரெனோவும் அதில் காயமுற்று உயிரிழந்தார். அரசு போர்தோவிலேயே பந்தயத்தை நிறுத்தியது. வண்டிகளைக் குதிரைகள் இழுத்து இரயில் நிலையம் சேர்த்தன. அதே பந்தயத்தில் கமீய் து காஸ்த் என்னும் பெண்மணி, விபத்தில் சிக்கிய சக ஓட்டுநருக்கு உதவத் தம் வண்டியை நிறுத்தி, பல இடங்கள் பின்தங்கினார். பட்டியலில் அவர் 45ஆவது.

இவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "அப்படியானால் லெவசோர் முதலில் வந்தாரா, இல்லையா டீச்சர்?"

எனக்குச் சொரேரென்றது. அதே கேள்வியைப் பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளியில் ஒரு மாணவன் என்னிடம் கேட்டிருக்கிறான்.

அன்று இல்ல விளையாட்டுப் போட்டி. நூறு மீட்டர் ஓட்டத்தின் முடிவுக் கோட்டில் நான்தான் நடுவர். வெறுங்காலுடன் ஓடிய அச்சிறுவன் எல்லாரையும் வெகுதூரம் பின்தள்ளி வந்தான். ஆனால், அவன் தன் இல்லத்தின் நிறச்சட்டை அணிந்திருக்கவில்லை. பள்ளியின் வெள்ளைச் சட்டையில் ஓடினான். நிறச்சட்டை கட்டாயம் என்பது விதி. பெயரை அடித்துவிட்டு, இரண்டாவதாக வந்தவனை முதலிடத்தில் எழுதினேன். "டீச்சர், நான் முதலில் வந்தேனா இல்லையா?" என்றான். "சட்டை எங்கே?" என்று கேட்டேன். அவன் தலைகுனிந்து போய்விட்டான். அச்சட்டை வாங்க வீட்டில் பணமில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

விதியைக் காத்தது தவறென்று இன்றும் நான் சொல்லவில்லை. அவன் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாததே தவறு. பிரெஞ்சுக்காரர்கள் பரிசை விதிப்படி கொடுத்தார்கள். ஆனால், லெவசோரின் 48 மணி 48 நிமிடங்களை அழிக்கவில்லை. பாரிஸில் அவருக்கு நினைவுச்சின்னமும் எழுப்பினார்கள். நானோ அச்சிறுவன் ஓடியதையே ஏட்டிலிருந்து அடித்துவிட்டேன்.

இப்பொழுது போட்டி ஏட்டில் இரண்டு கட்டங்கள் வரைகிறேன்: ஒன்று வந்த வரிசை, மற்றொன்று பரிசு. போட்டிக்கு முதல்நாளே சட்டையில்லாத பிள்ளைகள் யாரென்று கேட்டு, பழைய சட்டைகளைத் துவைத்து எடுத்துச் செல்கிறேன். அந்த மாணவன் இப்போது எங்கிருக்கிறான் என்று தெரியவில்லை. எங்கிருந்தாலும் அவனுக்குரிய விடை இதுதான்: ஆம் தம்பி, நீதான் முதலில் வந்தாய்.

மாணவிக்கும் அதையே சொன்னேன். புதிர்ப்போட்டி வினாவையும் திருத்திவிட்டேன்: "முதலில் வந்தவர் யார்? முதற்பரிசு பெற்றவர் யார்?" இரண்டுக்கும் தனித்தனிப் புள்ளிகள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை